நல்ல கம்பியைக் கழற்றியவர்

இருபத்தோரு வருடம் சிப் வடிவமைத்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு காப்புரிமை மேல்முறையீட்டு மன்றத்துக்குத் தொழில்நுட்ப உறுப்பினராக வந்தவர் அவர். அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோரும் சட்டம் படித்தவர்கள். அதனால் வாசல் காவலரிலிருந்து பதிவாளர் வரை அத்தனை பேருக்கும் அவர் "இன்ஜினியர்"தான். மூன்றாவது மாடியில் ஓர் அறை, இரண்டு கணினித் திரைகள், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். சிப் கம்பெனியில் இருந்த பரபரப்புக்கு இது ஓய்வு மாதிரி என்று நினைத்து வந்திருந்தார். வந்த ஏழாவது மாதத்தில்தான் அந்தக் கோப்பு மேஜைக்கு வந்தது.

ஒன்பது பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று மேல்முறையீடு செய்திருந்தது. விஷயம் இதுதான். ஒரு சிப்புக்குள் லட்சக்கணக்கான கம்பிகள் ஓடுகின்றன. தலைமுடி அவற்றுக்குப் பக்கத்தில் வடக்கயிறு. ஒவ்வொரு கம்பியும் தன் சமிக்ஞையைக் குறித்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். வடிவமைப்பெல்லாம் முடிந்து அப்பாடா என்று மூச்சு விடும்போது யாராவது வந்து ஒரு மாற்றம் கேட்பார்கள். புதிய பாகம் ஒன்றை உள்ளே நுழைத்ததும் நெருக்கடியில் ஏதாவது ஒரு கம்பி தாமதமாகிவிடும். அப்போது உலகத்தில் உள்ள எல்லா மென்பொருளும் ஒரே காரியத்தைத்தான் செய்யும்: தாமதமான கம்பியைப் பிடுங்கி வேறு பாதையில் போடும்.

இந்தக் கம்பெனியின் முறை தாமதமான கம்பியைத் தொடவே இல்லை. அதன் அக்கம்பக்கத்தில், நிறைய அவகாசத்தோடு சுகமாக ஓடிக்கொண்டிருந்த நல்ல கம்பிகளைக் கழற்றி, தூரமாகச் சுற்றுவழியில் போட்டது. அருகருகே ஓடும் கம்பிகள் ஒன்றின் வேகத்தை ஒன்று இழுத்துப் பிடிப்பவை. நெருக்கம் குறைந்ததும் தாமதமான கம்பி இருந்த இடத்திலேயே இருந்து நேரத்துக்கு ஓட ஆரம்பித்தது.

காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் இதை நிராகரித்திருந்தார். முந்தைய ஆவணங்கள் இரண்டை எடுத்துக் காட்டியிருந்தார். கம்பிகளைக் கழற்றி மாற்றிப் போடலாம் என்று முதல் ஆவணம் சொல்கிறது. எந்தக் கம்பிக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று அளக்க இரண்டாவது ஆவணம் சொல்லித் தருகிறது. இரண்டையும் சேர்த்தால் இதுதானே, இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள எவருக்கும் தோன்றக்கூடியதுதானே என்பது அவர் வாதம்.

இன்ஜினியர் விண்ணப்பத்தைப் படித்து முடித்தபோது அவருக்கும் அது உள்ளங்கை நெல்லிக்கனியாகத்தான் தெரிந்தது. நெருக்கடி என்றால் நகர முடிந்தவனை நகரச் சொல்வதுதானே நியாயம்? இதற்கு ஒரு காப்புரிமையா? விசாரணைக்கு முன்பே, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து இரண்டே மணி நேரத்தில் வரைவு எழுதி முடித்தார். தனக்குத் தெரிந்த துறை என்பதால் எழுத்து வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. அமர்வின் தலைவருக்கு அதை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார்.

அமர்வுக்கு இரண்டே பேர். தலைவர் அவரை விட ஆறேழு வயது இளையவர், நெடுநாள் வக்கீலாக இருந்தவர். யார் என்ன சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு "அப்புறம் மேடம்" என்றே பெயர். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

மறுநாள் காலை இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார்.

"வரைவு படிச்சேன் சார். தெளிவா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல. கெட்ட கம்பியை விட்டுட்டு நல்ல கம்பியைக் கழட்டணும்னு ஒருத்தருக்குத் தோணும்னு எழுதியிருக்கீங்களே, ஏன் தோணும்?"

"அதுதானே மேடம் இடைஞ்சல்? பக்கத்துல இருக்கறதை நகர்த்தினா இடம் கிடைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்வளவுதான்."

"அது இப்போ தெரியுது. விண்ணப்பத்தைப் படிக்கறதுக்கு முந்தின நாள் உங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

இன்ஜினியருக்குச் சுருக்கென்றது. "மேடம், நான் இருபத்தோரு வருஷம் இதையே தின்னு இதையே குடிச்சவன்."

"அதனாலதான் கேக்கறேன். அந்த இருபத்தோரு வருஷத்துல எத்தனை தடவை நல்ல கம்பியைக் கழட்டினீங்க?"

மேஜை மேலிருந்த வரைவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த மாதிரி தேவை வரல" என்றார்.

"சரி. விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. விடை தெரிஞ்ச விடுகதை எல்லாருக்கும் சுலபம்தான். எனக்கு சர்க்யூட்டும் தெரியாது, கம்பியும் தெரியாது. ஆனா தெரியாதவ கேட்ட கேள்விதானேன்னு விட்டுடாதீங்க."

அறைக்குத் திரும்பிய இன்ஜினியர் கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினார். அரிச்சுவடி தெரியாதவர்களிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறதே என்று மனதுக்குள் பொருமினார். இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. ஆனால் கேள்வி மட்டும் காலில் குத்திய முள் மாதிரி நடக்கும்போதெல்லாம் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மனைவி நீச்சல் பயிற்சியாளர். வாரத்தில் அன்று ஒரு நாள்தான் ஈரத்தலை இல்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். இன்ஜினியர் சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய உறையைத் திருப்பிப் போட்டு, கையில் கிடைத்த பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வழக்கைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது அவர் வைத்திருந்த கண்டிப்பு. வரைவதற்குத் தடையில்லை. நடுவில் ஒரு கம்பி, இருபுறமும் நெருக்கியடித்துக்கொண்டு பல கம்பிகள்.

மனைவி பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா இதை முடிக்கல?"

"எதை?"

"இந்தப் படத்தை. என் கால்ல வரைஞ்சீங்களே."

"உன் கால்லயா?"

"மறந்தே போச்சா? எனக்குக் கால் முறிஞ்ச வருஷம். மாவுக்கட்டு மேல பூரா இதேதான். கட்டு பிரிக்க வந்த டாக்டர், 'என்னம்மா, வீட்டுக்காரர் ரயில்வேயா'ன்னு கேட்டாரே."

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவி எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஆல்பத்தை எடுத்து வந்தாள். மகள் பள்ளியில் படித்த காலத்தில், புதிதாக வாங்கிய கேமராவில் கண்டதையெல்லாம் பிடித்துத் தள்ளிய படங்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க அம்மாவின் கால்.

முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு. அதன் மேல் கறுப்பு மையில் கம்பிகள். நடுவில் ஒன்று மட்டும் மகளின் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரையப்பட்டிருந்தது. தாமதமான கம்பி. அதைப் பிடுங்கிப் போட அவர் யோசித்த பாதைகள் அம்புக்குறியாகக் கிளம்பின. எண்ணிப் பார்த்தார், ஏழு. ஏழின் மேலும் பெருக்கல் குறி. பக்கத்தில் இருந்த கறுப்புக் கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் சின்னதாக ஒரு பூட்டு. அவர் கையெழுத்து, அவர் பூட்டு. படத்தின் மூலையில் தேதி இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நாலு மாதம். இதே சிக்கல். ஆய்வாளர் காட்டியிருந்த அந்த இரண்டு ஆவணங்களும் அப்போதே வெளியாகி வருடங்கள் ஆகியிருந்தன; இரண்டையும் அச்செடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்திருந்தார். நாலு மாதமும் அந்த ஒரு கம்பியையே மாற்றி மாற்றிப் பிடுங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆகாது என்று கம்பெனி அந்தத் திட்டத்தையே ஓரங்கட்டியது. தோற்றுப்போன விஷயத்தை மனசு எங்கோ ஒரு மூலையில் பதுக்கி வைத்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் அவருக்கு முகம் சூடாகியது. யாருக்கும் தோன்றும் என்று எழுதினோமே, நமக்கு நாலு மாதம் தோன்றவில்லையே. ஆனால் அந்த வெட்கம் வந்த வேகத்திலேயே கரைந்து, அதன் அடியிலிருந்து வேறொன்று எழும்பியது. நீண்ட நாள் வலித்துக்கொண்டிருந்த பல்லை யாரோ வலிக்காமல் எடுத்துவிட்டது மாதிரி. அப்படியென்றால் இந்தச் சிக்கலுக்கு விடை இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்.

"என்ன, திடீர்னு சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. உன் காலுக்கு நன்றி சொல்லணும்."

"பன்னிரண்டு வருஷம் கழிச்சா? அப்போ ஒரு வாய் காபி கூட உருப்படியா போட்டுத் தரல. ஆனா ஒண்ணு, கட்டிலை விட்டு நகராம பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. படம் போடத்தான்னாலும் துணைக்கு ஆளிருந்துது." பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தலைவரின் அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அப்புறம் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிரிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

"உங்க மனைவியோட காலைக் கோப்புல ஆதாரமா சேர்க்க முடியாது சார்."

"தெரியும். நான் இந்த வழக்குலேர்ந்து விலகிக்கணுமா?"

"அந்தக் கம்பெனியோட உங்களுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?"

"இல்ல. பேரே கேள்விப்பட்டதில்ல."

"அப்போ நீங்க இதே சிக்கல்ல வேலை செஞ்சதை ரெண்டு தரப்புக்கும் எழுதித் தெரிவிச்சுடுவோம். யாருக்காவது ஆட்சேபம்னா பார்த்துக்கலாம். ஆனா ஒண்ணு. உங்களுக்குத் தோணினதும் ஆதாரம் இல்ல, தோணாததும் ஆதாரம் இல்ல. சட்டம் சொல்ற அந்தச் 'சாதாரணத் தேர்ச்சி உள்ள' ஆள் நீங்க கிடையாது. அவர் எல்லா ஆவணத்தையும் படிச்சவர், கை வேலை ஓரளவு தெரிஞ்சவர், சொந்தமா மட்டும் எதுவும் யோசிக்க மாட்டார்."

"அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

"பார்த்தா எங்க வீட்டுப் பொண்ணைக் கொடுக்க மாட்டேன். ஆனா அவர் கண்ணாலதான் பார்க்கணும். காகிதத்துல என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க."

இன்ஜினியர் அறைக்கு வந்து இரண்டாவது ஆவணத்தை எடுத்தார். இதுவரை ஆய்வாளர் மேற்கோள் காட்டிய பத்திகளை மட்டும் படித்திருந்தார் என்பதை அப்போது தனக்குத்தானே ஒப்புக்கொண்டார். தெரிந்த விஷயம்தானே என்ற எண்ணம். தெரிந்தவனின் சோம்பல் தெரியாதவனின் சோம்பலை விட மோசம். இந்த முறை நாற்பது பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்தார். அவகாசத்தை எப்படி அளப்பது என்று விவரித்துக்கொண்டே போன ஆவணம், முப்பத்தொன்றாவது பத்தியில் இப்படிச் சொன்னது: போதிய அவகாசம் உள்ள கம்பிகள் ஏற்கெனவே சரியாக இருப்பவை, அவற்றைப் பூட்டி வைத்துவிட வேண்டும், அவற்றைத் தொட்டால் புதிய கோளாறுகள்தான் முளைக்கும்.

பூட்டு. தன் கையாலேயே அந்த மாவுக்கட்டின் மேல் வரைந்த பூட்டு இங்கிருந்துதான் வந்தது. அந்த ஆவணத்தைப் படித்து அதன் சொல்லைத் தட்டாமல் நடந்ததால்தான் நாலு மாதம் வீணாயிற்று. அதைப் படித்த எவரும் நல்ல கம்பியை நோக்கிக் கை நீட்ட மாட்டார்கள், எதிர்த்திசையில்தான் போவார்கள்.

விசாரணை நாளன்று சின்னக் கூடத்தில் ஐந்தாறு பேர்தான். இன்ஜினியர் அனுப்பியிருந்த அறிவிப்புக்கு இரு தரப்பும் ஆட்சேபமில்லை என்று சொன்னார்கள். கம்பெனி தரப்பில் ஒரு வக்கீல். அவருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தவர், நாற்பது வயதுப் பெண்மணி, மடியில் ஒரு கோப்பினை இறுகப் பிடித்தபடி. எதிர்ப்பக்கம் காப்புரிமை அலுவலகத்தின் சார்பில் நிராகரித்த ஆய்வாளரே வந்திருந்தார். மெலிந்த மனிதர், வரிசையாக ஒட்டுச்சீட்டு ஒட்டிய காகிதங்கள்.

வக்கீல் அரைமணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், ஆனால் முப்பத்தொன்றாவது பத்தியை அவரும் தொடவில்லை. அவர் முடித்ததும் இன்ஜினியர் அந்தப் பெண்மணியைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல கம்பியைக் கழட்டிப் பார்க்கணும்னு எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

வக்கீல் நெளிந்தார். பெண்மணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார்.

"உண்மையைச் சொன்னா, தோணல சார். தப்பு நடந்தது. கம்பிகளை வரிசைப்படுத்தற நிரல்ல ஒரு கழித்தல் குறியை மாத்திப் போட்டுட்டேன். பட்டியல் தலைகீழா வந்துது. மென்பொருள் கெட்டதை விட்டுட்டு நல்லதையெல்லாம் கழட்டிடுச்சு. காலையில வந்து பார்த்தா சிப் பாஸாகியிருக்கு."

"அப்புறம்?" என்றார் தலைவர்.

"தப்பைத் திருத்திட்டு வேலையைப் பாருன்னாங்க எல்லாரும். எனக்கு மனசு ஒப்பல. தப்பா செஞ்சது ஏன் சரியா வந்துதுன்னு தெரியாம எப்படித் திருத்தறது? எட்டு மாசம் உக்காந்தேன். எப்போ கழட்டலாம், எவ்வளவு தூரம் தள்ளலாம், எங்க நிறுத்தணும்னு அந்த விதி எல்லாம் அதுக்கு அப்புறம்தான் கிடைச்சுது."

வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டார். கைதவறிக் கிடைத்தது என்று கட்சிக்காரரே சொன்னால் வழக்கு கந்தலாகிவிடும் என்று பயந்திருப்பார். தலைவர் அவரைப் பார்த்து, "கவலைப்படாதீங்க. எப்படிக் கிடைச்சுதுன்னு சட்டம் கேக்கறதில்ல. கிடைச்சது மத்தவங்களுக்கும் சுலபமா கிடைச்சிருக்குமான்னுதான் கேக்குது" என்றார்.

இன்ஜினியர் ஆய்வாளரிடம் திரும்பினார். "இரண்டாவது ஆவணம், முப்பத்தொண்ணாவது பத்தி. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? அதைப் படிச்ச ஒருத்தர் நல்ல கம்பியைக் கழட்டுவாரா?"

ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். அவர் ஒட்டுச்சீட்டு எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம்; சொல்லிச் சமாளிப்பவர்களை இன்ஜினியர் இந்த ஏழு மாதத்தில் பார்த்துமிருந்தார்.

"கழட்ட மாட்டார் சார்," என்றார் ஆய்வாளர். "இந்தப் பத்தியை நான் கவனிக்காம விட்டுட்டேன். அளவிடற பகுதியை மட்டும்தான் எடுத்தேன்."

"நானும் முதல்ல அப்படித்தான் விட்டேன்," என்றார் இன்ஜினியர். அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் எதிரில் இருந்த மனிதரின் தோள் லேசாகத் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தார்.

தீர்ப்பை எழுத அவருக்கு இந்த முறை ஒன்பது நாள் பிடித்தது. தன் பழைய கதையில் ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது என்று கவனமாக இருந்தார். கட்டும் இல்லை, காலும் இல்லை. இரண்டு ஆவணங்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை, எதைச் செய்யாதே என்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த முறையை விவரிக்கும் பகுதியை நாலு தடவை அடித்து எழுதினார். எட்டு மாதம் உட்கார்ந்து ஒருவர் தேடிய விதி ஒவ்வொன்றும் அதன் சரியான இடத்தில், குறையாமல் மிகையாகாமல் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்மணிக்கு அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது. ஒழுங்காகப் படித்தேன் என்று காட்ட முடியும்.

விண்ணப்பத்தின் உரிமைக் கோரிக்கைகளில் ஒன்று மட்டும் தப்பிக்கவில்லை. நகர்த்திய கம்பிகளைத் திரையில் வேறு நிறத்தில் காட்டுவதற்கும் கம்பெனி உரிமை கேட்டிருந்தது. அது மட்டும் நிஜமாகவே யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று தலைவர் பென்சிலால் வட்டமிட்டார். இன்ஜினியரும் மறுக்கவில்லை. அதை நீக்கிவிட்டு மற்றதற்கெல்லாம் மேல்முறையீடு ஏற்கப்பட்டது.

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு இன்ஜினியர் உடனே எழுந்து போகவில்லை.

"மேடம், நீங்க கேக்காம இருந்திருந்தா அந்த ரெண்டு மணி நேர வரைவோட முடிச்சிருப்பேன். ஒருத்தரோட வேலையைக் குப்பையில போட்டிருப்பேன். அது தெரியாமலே நல்லா தூங்கியும் இருப்பேன்."

"எனக்கு நிஜமாவே புரியல சார், அதனால கேட்டேன்."

"புரியாததைப் புரியலன்னு சொல்ல இங்க எத்தனை பேர் இருக்காங்க?"

தலைவர் பேனாவை மூடினார். "நீங்களும் ஒத்துக்கிட்டீங்களே. கூடத்துல, அத்தனை பேர் முன்னாடி. என் பழைய சீனியருங்க யாரும் அதைச் செய்ய மாட்டாங்க." அவர் யாரையும் புகழ்ந்து அலுவலகத்தில் எவரும் கேட்டதில்லை. இன்ஜினியர் அன்று மாலை வரை அந்த வாக்கியத்தைத் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தீர்ப்பு வாசித்த தினத்தன்று பெண்மணி தனியாகத்தான் வந்திருந்தார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்று ஒரு முறை தலையசைத்தார். முகத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் மடியில் வைத்திருந்த கோப்பினை மட்டும் பக்கத்து நாற்காலியில் இறக்கி வைத்திருந்தார். ஆய்வாளர் அவரருகே போய் ஏதோ சொன்னார், அவரும் சிரித்துப் பதில் சொன்னார். என்ன பேசினார்கள் என்று மேடையிலிருந்து கேட்கவில்லை.

மதியம் இன்ஜினியர் கீழே இறங்கப் போனபோது லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து பிடித்தது. அந்தப் பெண்மணிதான். இன்ஜினியர் உள்ளே நுழைந்தார். மூன்று மாடி தூரம். அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. தீர்ப்பு எழுதியவராக, அந்தக் கட்டடத்துக்குள் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார்.

கதவைப் பிடித்ததற்கு இவ்வளவா என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பெண்மணி கொஞ்சம் வியப்போடு திரும்பிப் பார்த்தார். "பரவாயில்ல சார், இதுல என்ன இருக்கு."

கீழே இறங்கியதும் பெண்மணி தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். இன்ஜினியர் வாசலிலேயே நின்று, பேருந்து வந்து அவர் ஏறி உட்கார்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடப் போனார்.